புனித ஜார்ஜ் கோட்டை: சிப்பாய்கள் இருந்த இடத்தில் செயலகம்

கேள்வி இதுதான்: சென்னையில் தலைமைச் செயலகம் இருக்கும் கட்டடம் முன்பு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கிய பாரக்ஸ் என்கிறார்களே, உண்மையா? பழைய ராணுவக் கட்டடங்களை அரசு அலுவலகமாக மாற்றுவது அந்தக் கட்டடங்களுக்கு நல்லதா, கெட்டதா?

முதல் பாதிக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். கோட்டை ராணுவக் கோட்டைதான். ஆனால் சட்டமன்றமும் முதல்வர் அலுவலகமும் இருக்கும் அந்த வெள்ளைக் கட்டடம் பாரக்ஸாக இருந்ததில்லை. அது ஆளுநரின் மாளிகை. அதன் நடுப்பகுதி 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது, இரண்டு பக்கமும் உள்ள சிறகுகள் 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநரும் அவருடைய கவுன்சிலும் அங்கே உட்கார்ந்துதான் கணக்கும் பார்த்தார்கள், போரும் நடத்தினார்கள். அந்த வகையில் அங்கே அரசு அலுவலகம் புதிதாக வந்த ஒன்றல்ல. மூன்று நூற்றாண்டுகளாக அந்த இடத்தில் கோப்பு நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

அசல் பாரக்ஸ் வேறு. கோட்டைக்குள் கிங்ஸ் பாரக்ஸ் என்று ஒரு பெரிய கட்டடம் உண்டு. 1756 வாக்கில் கட்டியது. இந்தியாவில் இன்னும் நிற்கும் மிகப் பழைய பிரிட்டிஷ் படைக் குடியிருப்புகளில் ஒன்று. அது செயலகமாக மாறவில்லை, இன்றும் ராணுவத்தின் பயன்பாட்டில்தான் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு.

பலருக்குக் குழப்பம் வருவது இங்கேதான். கோட்டை மொத்தமும் மாநில அரசுடையது என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே மூன்று வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பெரும்பகுதி ராணுவத்தின் கையில். தென்னிந்தியாவின் பல இடங்களுக்கும் அந்தமானுக்கும் மாறிப் போகும் படைவீரர்கள் இன்றும் அங்கே தங்கிப் போகிறார்கள். மதில், அகழி, தேவாலயம், அருங்காட்சியகம், சில பழைய வீடுகள் தொல்லியல் துறையின் பொறுப்பு. சட்டமன்றமும் செயலகமும் மாநில அரசின் புழக்கம். ஒரு சுவரில் விரிசல் விட்டால் எந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது என்பதே அங்கே ஒரு தனிக் கேள்வி.

கோட்டை எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிட்டு இரண்டாம் பாதிக்குப் போகலாம். 1639ல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் மணல்திட்டு ஒன்றை வாங்கினார்கள். முதலில் எழுந்தது ஒரு கிடங்கும் அதைச் சுற்றி ஒரு சின்ன மதிலும்தான். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1749ல் திரும்பக் கிடைத்தது. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை. அந்த அடிக்குப் பிறகுதான் கம்பெனி முழித்துக்கொண்டது. இன்று ராஜாஜி சாலையில் பஸ்ஸில் போகும்போது நீங்கள் பார்க்கும் கனத்த மதிலும் கோணல் கோணலான கொத்தளங்களும் அந்த முற்றுகைக்குப் பிறகு, 1783 வாக்கில் முடிந்த வேலை. கிங்ஸ் பாரக்ஸ் அந்த மதிலைவிடவும் மூத்தது.

கடல் அப்போது மதிலுக்கு மிக அருகே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கடல் விலகிப் போயிற்று. விலகினாலும் உப்புக்காற்று விலகவில்லை. கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

கோட்டைக்குள் ஒரு கட்டடம் எத்தனை வேடம் போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அருங்காட்சியகக் கட்டடத்தைப் பாருங்கள். 1795ல் முடிந்தது. வியாபாரிகள் கூடிப் பேரம் பேசும் எக்ஸ்சேஞ்ச் ஆகத் தொடங்கியது. 1796ல் அதன் மாடியிலேயே சென்னையின் முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. அப்புறம் ராணுவ அதிகாரிகளின் மெஸ். 1948 ஜனவரி 31 முதல் அருங்காட்சியகம். பேரம், விளக்கு, சாப்பாட்டு மேசை, கண்காட்சி என்று நாலு வேலை பார்த்துவிட்டு இன்றும் திடமாக நிற்கிறது. கிளைவ் மாளிகையும் அப்படியே. ஆர்மீனிய வியாபாரி ஒருவரின் வீடாக இருந்தது, ராபர்ட் கிளைவ் குடியிருந்தார், கம்பெனி வாங்கியது, இப்போது தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் அங்கேதான் நடக்கிறது. படைவீரர்களின் காவல் அறையாக இருந்த ஒரு கட்டடம் பிற்பாடு வங்கியானது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அதே கோட்டைக்குள் இருக்கிறது. வெல்லெஸ்லி மாளிகை. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லியின் பேரில் இருக்கும் வீடு. 1980 வாக்கில் அதன் மேல்தளத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எக்ஸ்சேஞ்சும் சுண்ணாம்பு, இதுவும் சுண்ணாம்பு. இரண்டும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தன. ஒன்றில் தினமும் ஆள் புழங்கியது. மற்றதைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று.

என் அனுபவத்தில் உங்கள் இரண்டாம் கேள்விக்கு அடிப்படைப் பதில் இதில்தான் இருக்கிறது. நான் அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய கட்டடத்துக்கு முதல் எதிரி மழையோ கரையானோ இல்லை. பூட்டுதான். பூட்டிய கட்டடத்தில் ஒரு ஓடு நகர்ந்தால் அடுத்த மழைக்காலம் வரை யாருக்கும் தெரியாது. ஒழுகுகிற இடத்தில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே போன் வரும். அதனால் அலுவலகமாக மாற்றுவது நல்லது என்பதுதான் என் கட்சி. ஆனால் எப்படி மாற்றுகிறோம் என்பதில்தான் கட்டடத்தின் ஆயுள் இருக்கிறது. அங்கே நாம் செய்யும் தவறுகள் கொஞ்சநஞ்சமல்ல.

பாரக்ஸ் என்பது எதற்காக அந்த வடிவத்தில் கட்டப்பட்டது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நீண்ட கூடம், உயரமான கூரை, தடித்த சுவர், இரு பக்கமும் தாழ்வாரம், எதிரெதிர் ஜன்னல். அழகுக்காகச் செய்ததில்லை. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் சண்டையில் செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்கள்தான் அதிகம். 1863ல் வெளியான அரச ஆணையத்தின் அறிக்கை, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் என்று சாவுக் கணக்கைச் சொன்னது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அதற்காக முழுமூச்சாக உழைத்தார். அதன் பிறகு ஒரு சிப்பாய்க்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டே இந்தியா முழுக்கப் பாரக்ஸ் கட்டினார்கள். கிங்ஸ் பாரக்ஸ் அந்தக் கணக்குக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. ஆனாலும் தடித்த சுவரும் காற்றோட்டமும் இல்லாமல் இந்த ஊரில் ஒரு கோடையைக் கடக்க முடியாது என்பது அதைக் கட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இப்படிப்பட்ட கூடத்தை அலுவலகமாக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? முதல் வேலையாகக் குறுக்கே பிளைவுட் தடுப்பு. அதிகாரிக்கு ஓர் அறை, நேர்முக உதவியாளருக்கு ஓர் அறை. காற்று செத்தது. காற்று செத்ததால் ஏசி வேண்டும். அவ்வளவு உயரமான கூடத்தை ஏசி குளிர்விக்காது என்பதால் ஃபால்ஸ் சீலிங். மேலே இருப்பது அன்றோடு கண்ணில் இருந்து மறைந்தது.

மேலே இருப்பது என்ன தெரியுமா? மெட்ராஸ் டெரஸ். இந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த கட்டடக்கலை அது. எனக்கு இதைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வராது. தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் நெருக்கமாகத் தேக்குச் சட்டங்கள். அந்தச் சட்டங்களின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, குறுக்குக் கோணத்தில், சுண்ணாம்புக் காரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டு எதுவும் கிடையாது. கொத்தனார் ஒரு மூலையில் இருந்து தொடங்கி, வைத்த கல் காரையில் கவ்விக்கொள்ளும் வேகத்திலேயே அடுத்த கல்லை வைப்பார். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்ட அது இறுகும். கடைசியில் மேலே தட்டையான ஓடு, அதாவது தட்டோடு, பதிப்பார்கள். வேலை ஒழுங்காக இருந்தால் நூறு வருஷம் ஒழுகாது.

இந்தக் கூரையின் பலவீனம் எல்லாம் சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் முனையில்தான். அங்கே ஈரம் போனால் தேக்கே ஆனாலும் உளுக்கும். அது வெளியே தெரியும் வரை கீழே நிற்பவருக்கு ஒரு எச்சரிக்கை இருக்கும்: முதலில் காரை பொடியாக உதிரும், அப்புறம் சுவரோடு ஒரு பழுப்புக் கறை, அப்புறம் உத்திரம் லேசாகத் தொய்யும். ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் இந்த மூன்றையும் பார்க்க முடியாது. ஒரு பழைய கட்டடத்தில் நாங்கள் சீலிங் பலகையைக் கழற்றியபோது உத்திரத்தின் முனையை விரலால் அழுத்தினாலே உள்ளே போயிற்று. மேலே ஏசியின் தண்ணீர்க் குழாய் ஒன்று சுவரின் பொந்துக்குள்ளேயே வடிந்துகொண்டிருந்தது. அதன் நேர் கீழே இரண்டு பேர் வருஷக்கணக்காக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது சிமெண்ட். பழைய சுவர்கள் சுண்ணாம்பு. அவை மண்ணில் இருந்து ஓதத்தை இழுக்கும், இழுத்ததை வெளியே விட்டுவிடும். உள்ளூர ஈரம் வருவதும் போவதும் அதன் சுபாவம். அதன் மேல் சிமெண்ட் பூசி எமல்ஷன் பெயிண்ட் அடிப்பது, வியர்க்கிற உடம்புக்கு மழைக்கோட்டு மாட்டிவிடுவது மாதிரி. ஈரம் உள்ளேயே தங்கும். கடலோர ஊர் என்பதால் அதில் உப்பும் சேர்ந்து வரும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி வெடிக்கும், பூச்சு பாளம் பாளமாக விழும். உடனே ஒப்பந்ததாரர் இன்னும் கனமான சிமெண்ட் பூச்சு போடுவார். அடுத்த முறை விழும்போது செங்கல்லின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புப் பூச்சு போட நேரம் பிடிக்கும், அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுவருக்கு வேறு மருந்து கிடையாது.

மூன்றாவது, யாரும் நினைக்காதது: கோப்பின் எடை. ஐநூறு தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று சுமார் இரண்டரைக் கிலோ. நூறு கட்டுக்குச் சமமான கோப்புகள் ஒரு பீரோவில் இருந்தால் தாளே 250 கிலோ, பீரோவின் எடை தனி. மாடியில் வரிசையாக இருபது பீரோ வைத்தால் ஐந்து டன்னுக்கு மேல் போய்விடும். சிப்பாய்களின் கட்டில்கள் கூடம் முழுக்கப் பரவி நின்றன, அவர்கள் எழுந்து வெளியே போனால் பாரமும் போயிற்று. பீரோ போகாது. இரவும் பகலும் உத்திரத்தின் நடுவில் நிற்கும். பழைய கட்டடத்துக்கு ஒரு துறை குடிபோகும்போது நான் சொல்லும் முதல் விஷயம், ஆவணக் காப்பறையைத் தரைத்தளத்துக்குக் கொண்டு வாருங்கள், மாடியில் தவிர்க்க முடியாத பீரோக்களைச் சுவர் ஓரமாக, உத்திரத்தின் முனைக்கு மேல் வையுங்கள் என்பதுதான்.

தீயையும் விட்டுவிடக் கூடாது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் எரிந்தது. அங்கே அரசு அலுவலகங்கள் இயங்கிவந்தன. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். காய்ந்த தேக்கு, கட்டுக்கட்டாகக் காகிதம், பழைய வயரிங் மூன்றும் ஒன்றாக இருக்கும் இடத்தில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்று இந்த ஊருக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பெருமை தரும் விஷயம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற எளிய வழியை விட்டுவிட்டு, பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் மறுபடி எழுப்பியது. மறந்துபோயிருந்த மெட்ராஸ் டெரஸ் வேலையை மறுபடி கற்றுக்கொண்ட கொத்தனார்கள் இன்று இருக்கிறார்கள் என்றால் அந்த வேலைக்கும் அதில் பங்குண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அந்தக் கட்டடத்தில்தான். பக்கத்திலேயே கூரை இழந்து கிடந்த ஹுமாயூன் மஹாலும் அதே முறையில் மீட்கப்பட்டது. பழைய கட்டடத்தில் நவீன அலுவலகம் நடத்த முடியுமா என்று யாராவது கேட்டால் நான் வாலாஜா சாலைப் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

சரி, கோட்டைக்குத் திரும்புவோம். சட்டமன்றம் அங்கே தொடர்ந்து இருந்ததாகவும் ஒரு நினைப்பு உண்டு. அப்படி இல்லை. 1921ல் மெட்ராஸ் மாகாணச் சட்டசபை கோட்டைக்குள் கூடத் தொடங்கியது. நீதிக்கட்சி அமைச்சரவை வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்த காலம் அது. முத்துலட்சுமி ரெட்டி துணைத் தலைவராக இருந்து தேவதாசி முறைக்கு எதிராகப் பேசியதும் அந்த அவையில்தான். ராணுவக் கோட்டைக்குள் இப்படிப்பட்ட பேச்சுகள் எழுந்தன என்பதே எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் விஷயம். 1937 முதல் சபை சில வருஷம் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸிலும் இன்றைய ராஜாஜி மண்டபத்திலும் கூடியது. 1952ல் உறுப்பினர்கள் 375 பேர், கோட்டைக் கூடம் போதவில்லை, ஓமந்தூரார் தோட்டத்தில் புது மண்டபம் கட்டிப் போனார்கள். மொழிவாரி மாநிலம் வந்து 1957ல் உறுப்பினர் எண்ணிக்கை 205 ஆகக் குறைந்ததும் கோட்டைக்குத் திரும்பினார்கள். 2010ல் ஓமந்தூரார் தோட்டத்திலேயே புதிய தலைமைச் செயலகம் திறக்கப்பட்டது. 2011ல் ஆட்சி மாறியதும் மறுபடி கோட்டை. அந்தப் புதுக் கட்டடம் 2014ல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. சட்டமன்றத்துக்கென்று கட்டியதை மருத்துவமனையாகவும், ஆளுநர் வீடாகக் கட்டியதைச் சட்டமன்றமாகவும் நடத்தும் ஊர் நம்முடையது.

பின்பக்கத்தில் நிற்கும் பத்து மாடி நாமக்கல் கவிஞர் மாளிகை 1970களில் வந்தது. செயலகத்தின் பெரும்பாலான துறைகள் அங்கேதான். தோற்றத்தில் அது கோட்டையோடு ஒட்டவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆயிரக்கணக்கான ஊழியர்களையும் அவர்களுடைய பீரோக்களையும் பழைய கட்டடங்களுக்குள் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால், அந்தப் பத்து மாடி பழைய கோட்டைக்குச் செய்த உதவி பெரியது. இன்று அப்படி ஒன்றைக் கட்டவும் முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்பது இப்போதைய சட்டம்.

நேரில் பார்க்க விரும்பினால் அருங்காட்சியகமும் தேவாலயமும்தான் பொதுமக்களுக்கு எளிது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் கிடையாது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏறிய தேசியக் கொடி அங்கே இருக்கிறது. பக்கத்தில் 1680ல் திறந்த செயின்ட் மேரி தேவாலயத்தின் கூரையைக் கட்டாயம் நிமிர்ந்து பாருங்கள். பீரங்கிக் குண்டு தாங்க வேண்டும் என்று மரமே இல்லாமல் வளைவாகக் கட்டியது. அதனால்தான் முற்றுகைகளையும் கரையானையும் தாண்டி நிற்கிறது. சட்டமன்ற வாசலில் நிற்கும் கருங்கல் தூண்களை 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குத் தூக்கிப் போனார்கள், 1761ல் புதுச்சேரி விழுந்த பிறகு அவை திரும்பி வந்தன. முதல்வரின் தனிப்பிரிவுக்கு மனுவோடு வருபவர்கள் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போவதும் இதே கோட்டைக்குள்தான்.

கிங்ஸ் பாரக்ஸ் ஒருநாள் அலுவலகமாகவோ காட்சிக்கூடமாகவோ மாறினால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பேச்சு எப்போதாவது எழும். முதலில் ஒரு முழு மழைக்காலம் எதையும் தொடாமல் கூரையையும் சுவரையும் கவனித்துக் குறிக்க வேண்டும். உத்திர முனைகள் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். பின்னாளில் பூசிய சிமெண்டை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிட வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும், ஆகட்டும். கூடத்தைத் தடுக்க வேண்டுமானால் ஆள் உயரத்துக்கு மேல் போகாத, கழற்றக்கூடிய தடுப்பு போதும். வயர் எல்லாம் சுவரைக் கொத்தாமல் வெளியே குழாயில் ஓடட்டும். ஏசி கட்டாயம் வேண்டும் என்றால் அதன் தண்ணீர் வெளிச்சுவருக்கு வெளியேதான் வடிய வேண்டும். கழிப்பறைகளைப் பாரக்ஸுக்குள் கட்டவே கூடாது, தாழ்வாரத்துக்கு அப்பால் தனியாகக் கட்டி இணைத்துக்கொள்ளலாம். அப்புறம் மிக முக்கியமாக, ஒவ்வொரு அக்டோபருக்கு முன்னும் மாடியில் ஏறித் தட்டோட்டையும் தண்ணீர் போகும் வாயையும் பார்க்க ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமித்து, அவருக்கு ஏணியும் சாவியும் கொடுத்துவிட வேண்டும்.